முதலில் சால்வையா வேஸ்ட்கோட்டா என்று முடிவெடுங்கள், பிறகுதான் கொலர்

கலியாணத்துக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ உடுப்பு எடுக்கப் போகும்போது கனபேர் செய்வது ஒன்றுதான். வேட்டியைப் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள், கரை எத்தனை விரல் அகலம், பட்டா பருத்தியா என்று புடவைக்கடையில் அரைநாள் நிற்பார்கள், சேட்டுத் துணியைக் கையில் கசக்கிப் பார்ப்பார்கள். பிறகு ரெய்லர் கடையில் அளவெல்லாம் எடுத்து முடிந்து அவர் கொப்பியை மூடப் போகும் நேரத்தில் "கொலர் என்ன மாதிரி, தம்பி?" என்று கேட்டால், "வழமையா வைக்கிற மாதிரி வையுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். படத்தில் முகத்துக்கு அடுத்தபடி தெரிவது கழுத்துத்தான். அவ்வளவு காசு கொடுத்து எடுத்த வேட்டி பாதிப் படங்களில் இடுப்போடு வெட்டுப்பட்டுப் போய்விடும், கொலர் எல்லாப் படத்திலும் நிற்கும்.

நான் சொல்லும் ஒழுங்கு இது. கொலருக்கு மேலே என்ன வரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சால்வையா, வேஸ்ட்கோட்டா, கனமான மாலையா, அல்லது ஒன்றுமே இல்லையா? அது தெரிந்துவிட்டால் கொலர் பாதி தானாகவே தெரிவாகிவிடும். சால்வையும் வேஸ்ட்கோட்டும் ஒன்றாக வேண்டாம். அண்மைக் காலத்தில் மாப்பிள்ளைத் தோழன்மார் வேஸ்ட்கோட்டும் போட்டு அதற்கு மேல் சால்வையும் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். இரண்டுமே நெஞ்சை மூடுகிற உடுப்பு, இரண்டுக்கும் தனித்தனி வடிவு இருக்கிறது, ஒன்றன் மேல் ஒன்று போட்டால் வேஸ்ட்கோட்டின் தெறிவரிசையும் மறைந்துவிடும், சால்வையின் கரையும் சுருண்டுவிடும். ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

சால்வை என்றால் மடிப்புக் கொலர் சரிவராது. சால்வை பின்கழுத்தில் தங்கி இரண்டு தலைப்பும் முன்னால் நேராகத் தொங்க வேண்டும். மடிப்புக் கொலருக்கு மேல் போட்டால் கொலரின் ஒரு நுனி சால்வைக்குள் போய் நசுங்கும், மற்ற நுனி வெளியே துருத்தும், ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கையை வைத்துச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு தோளில் மட்டும் மடித்துப் போடுகிறவர்களுக்கும் இதே கரைச்சல்தான், அந்தப் பக்கத்துக் கொலர் மட்டும் அமுங்கிப்போய் முகம் சரிந்தது போலத் தெரியும். நஷனல் என்று நாங்கள் சொல்கிற சட்டையின் தாழ்ந்த கழுத்துப்பட்டிக்கு மேல் சால்வை அசையாமல் இருக்கும். மடிந்து விழ அங்கே ஒன்றும் இல்லை.

அந்தக் கழுத்துப்பட்டிக்குப் பின்னால் ஒரு காலமும் இருக்கிறது. கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி முன்னின்று 1905 இல் தொடங்கிய இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கம், ஐரோப்பிய உடையையும் பழக்கங்களையும் யோசிக்காமல் பின்பற்றுவதை எதிர்த்துப் பேசியது. 1927 இல் காந்தி கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். கொலரும் ரையும் கோட்டும் உத்தியோகத்தின் அடையாளமாக இருந்த நாட்களில், கொலர் இல்லாத சட்டையும் வேட்டியும் சால்வையுமாக ஒருவர் சபைக்கு வந்தால் அதற்கு அர்த்தம் இருந்தது. எனக்கு இது முக்கியம். அதனால்தான் நஷனலின் கழுத்தை ரெய்லரின் வசதிக்கு விட்டுவிடாதீர்கள் என்று சொல்கிறேன்.

சரி, அளவுக்கு வருவோம். நிமிர்ந்து நிற்கிற கொலர்களில் இங்கே மூன்று உயரம் புழக்கத்தில் உண்டு. நஷனலுக்கு ஒரு அங்குலம், கூடினால் ஒன்றேகால். சைனீஸ் கொலர் என்று சொல்வது ஒன்றரை அங்குலம் வரை போகும். சேர்வாணி மாதிரித் தைக்கிறவர்கள் இரண்டு அங்குலம் வைப்பார்கள். இதில் உங்களுக்கு எது என்பதைக் கடையில் தொங்குகிற சட்டையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, உங்கள் கழுத்துத்தான் சொல்லும்.

சுன்னாகத்துப் பக்கம் வயதான ரெய்லர் ஒருவர் இதற்குச் செய்கிற வேலை எனக்கு நன்றாகப் பிடித்தது. பழைய கலண்டர் மட்டையில் மூன்று கீலம் வெட்டினார், ஒன்று ஒரு அங்குல அகலம், மற்றது ஒன்றேகால், மற்றது ஒன்றரை. ஒவ்வொன்றாக என் கழுத்தைச் சுற்றி வளைத்து முன்னால் குண்டூசி குத்தி, "குனிஞ்சு காலைப் பாருங்கோ" என்றார். ஒன்றரை அங்குலக் கீலம் நாடியில் முட்டியது. "இப்ப இடப்பக்கம் திரும்பி ஆரையோ கூப்பிடுங்கோ" என்றார். ஒன்றேகால் அங்குலம் தாடை எலும்புக்குக் கீழே லேசாக உரசியது. ஒரு அங்குலம் ஒன்றும் செய்யவில்லை. "உங்களுக்கு இதுதான், கட்டைக் கழுத்து" என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். இரண்டு நிமிட வேலை. உங்கள் ரெய்லர் செய்யாவிட்டால் வீட்டிலேயே கண்ணாடிக்கு முன்னால் செய்து பார்த்து, சரிவந்த கீலத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

பொதுவாகக் கழுத்துக் கட்டையாகவோ முகம் வட்டமாகவோ இருந்தால் தாழ்ந்த பட்டி, முன்பக்கம் சற்றுத் திறந்து V போல விரிகிற வெட்டு. கழுத்து நீண்டவர்களுக்கு ஒன்றரை அங்குலம் நன்றாக இருக்கும், தாழ்த்தினால் தலை தனியே நிற்பது போலத் தெரியும். முன்முனைகள் வட்டமா சதுரமா என்று கேட்பார்கள். வட்டம் வையுங்கள். சதுர முனை கழுவக் கழுவ வெளியே மடிந்து நிற்கும், சால்வையின் நூலையும் இழுக்கும்.

சுற்றளவு எடுக்கும்போது நாடாவைக் குரல்வளை முடிச்சுக்குச் சற்றுக் கீழே, கழுத்து அடியில் விரியத் தொடங்குகிற இடத்தில் சுற்றச் சொல்லுங்கள். மேலே எடுத்தால் அளவு குறையும், தெறி பூட்ட முடியாமல் போகும். நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். எங்கள் வெயிலுக்கு ஒரு விரல் போதாது, மண்டபத்தில் இரண்டு மணி நேரம் வேர்த்தால் கழுத்துப்பட்டி தோலோடு ஒட்டிவிடும். அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், நாடியை உயர்த்தவும் வேண்டாம், சாதாரணமாக நின்றால் போதும்.

துணியைக் கழுவிப் போட்டுவிட்டுத்தான் வெட்டக் கொடுக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் படித்தேன். என்னுடைய கலியாண எழுத்துக்கு நல்ல தடித்த வெள்ளைப் பருத்தியில் நஷனல் தைத்தேன். அவசரம், துணி நனைக்கவில்லை, ரெய்லரும் கேட்கவில்லை. கொலருக்குள் வைக்கிற கான்வாஸும் தகரம் மாதிரி விறைப்பானது. அன்றைக்கு ஒரு மாதிரிச் சமாளித்தேன், கையெழுத்துப் போடக் குனிந்தபோது குத்தியது, படங்களைப் பார்த்தால் கழுத்தில் சிவப்புக் கோடு இருக்கிறது. முதல் கழுவலோடு கழுத்துச் சுருங்கிவிட்டது, மேல்தெறி அதற்குப் பிறகு பூட்டுப்பட்டதே இல்லை. கழுவாத பருத்தி நூற்றுக்கு மூன்று நான்கு வீதம் சுருங்குவது சாதாரணம். பதினாறு அங்குலக் கழுத்தில் அது அரை அங்குலம் அளவில் வரும், அதாவது நீங்கள் விட்ட இரண்டு விரலில் ஒன்று போய்விடும். ஆகவே துணியை ஓரிரவு தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவிட்டு, அயன் பண்ணிக் கொண்டுபோங்கள். கொலருக்குள் வைக்கிற கான்வாஸையும் நனைத்து வைக்கச் சொல்லுங்கள். ஒட்டுகிற கான்வாஸ் என்றால் மெல்லியது கேளுங்கள். மலிவான ஒட்டுக் கான்வாஸ் சில கழுவலில் விட்டுப்போய் கொலர் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், அதற்குப் பிறகு எந்த அயனாலும் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று, கனபேருக்கு நினைவுக்கு வராத ஒன்று. நஷனலில் தலைக்கு மேலால் போடுகிற மாதிரியும் இருக்கிறது, முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரியும் இருக்கிறது. கோயிலுக்குப் போகிற நாளுக்கு முழுத்திறப்பைத் தைப்பியுங்கள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றாமல் உள்ளே போக முடியாது, எங்கள் கோயில்கள் பலவற்றிலும் அதுதான் வழக்கம். கேணிப்பக்கத்தில் நின்று, வீபூதி பூசிய நெற்றிக்கு மேலால் வேர்த்த சட்டையை இழுத்துக் கழற்றுவதை யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளைக்கு இன்னும் கரைச்சல், தலைப்பாகை கட்டிய பிறகு தலையால் கழற்ற வழியே இல்லை. சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றவோ கையில் மடித்து வைத்திருக்கவோ வேண்டிவரும் என்பதால் துணியும் மெல்லியதாக இருக்கட்டும்.

தெறியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சங்கு நிறத்தில் சிறியது போதும். பொன் நிறத்தில் பெரிய தெறி வைத்தால் சங்கிலியும் தெறியும் ஒன்றோடொன்று போட்டிபோடும். மாலை விழுகிற கழுத்துக்குக் கூரான கல் வைத்த தெறி கட்டாயம் வேண்டாம், பூநாரில் சிக்கும்.

நிறத்தில் ஒரு கவனம். வெள்ளையில் பல வெள்ளை இருக்கிறது. பட்டு வேட்டி வெண்ணெய் நிறத்துக்குக் கிட்டப் போகும், பொலியஸ்டர் கலந்த சேட்டுத் துணி நீலம் போட்டதுபோல இருக்கும். கடையின் குழல் விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், வெளியே வெயிலில் வேட்டி அழுக்குப் போல ஆகிவிடும். வேட்டியை முதலில் எடுத்து, அதைக் கையில் கொண்டுபோய்க் கடை வாசலில் வெளிச்சத்தில் வைத்துச் சேட்டுத் துணியைப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

இனி வேஸ்ட்கோட். இது எங்களுடையது இல்லை, போடக்கூடாது என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். வேஸ்ட்கோட் இங்கிலாந்தில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் 1666 இல் அரசவைக்குக் கொண்டுவந்த உடுப்பு, அது உண்மைதான். ஆனால் இன்றைக்கு வேட்டிக்கு மேல் போடப்படுவது அந்த வகை இல்லை. நேருவின் பெயரால் அறியப்படுகிற, நிமிர்ந்த கழுத்தும் நேரான அடியும் உள்ள கையில்லாத கோட், அச்கன் என்கிற வட இந்திய நீண்ட கோட்டின் வழியில் வந்தது. இந்த இரண்டையும் வேறு பிரிக்கத் தெரிந்தால் வேஸ்ட்கோட் தெரிவில் வருகிற பிழைகளில் பெரும்பாலானவை வராது.

மேல்நாட்டு வேஸ்ட்கோட் காற்சட்டைக்காக வெட்டப்பட்டது. அடி V போல இரண்டு கூராக முடியும், நீளம் காற்சட்டைப் பட்டியை மூடுமளவுக்குத்தான். உள்ளே சேட்டை விட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். வேட்டிக்கு நாங்கள் சேட்டை வெளியே விடுகிறோம். அதன் மேல் இந்தக் கட்டை வேஸ்ட்கோட்டைப் போட்டால் கீழே சேட்டு பாவாடை மாதிரி விரியும், வேட்டிக் கட்டின் புடைப்பும் நடுவயிற்றில் துருத்தும். வாடகைக்குக் கோட்சூட் கொடுக்கிற இடங்களில் எடுத்து வேட்டிக்கு மேல் போடுகிறவர்களுக்கு நடப்பது இதுதான். ரெடிமேட்டில் வாங்குவதானாலும் தைப்பதானாலும் வேட்டிக்கு நேரான அடியுள்ளதை மட்டும் எடுங்கள்.

நீளம் பார்க்க, கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள். வேஸ்ட்கோட்டின் அடி மணிக்கட்டுக்குச் சற்று மேலே முடிந்தால் போதும். அதற்குக் கீழே சேட்டு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதில் நடுவழி இல்லை. நீண்ட நஷனல் என்றால் நல்ல ஒரு சாண் தெரியட்டும். கட்டைச் சேட்டு என்றால் நாலு விரலாவது தெரிய வேண்டும். ஒரு விரல் இரண்டு விரல் மட்டும் எட்டிப் பார்த்தால் உள்சட்டை வெளியே வந்ததுபோல இருக்கும், எவ்வளவு விலையான துணியானாலும் காப்பாற்றாது.

தோளில் தையல் உங்கள் தோள் எலும்புக்கு அரை அங்குலம் உள்ளே முடிய வேண்டும், வெளியே நீண்டால் சிறகு முளைத்ததுபோல நிற்கும். எல்லாத் தெறியும் பூட்டிய பிறகு நெஞ்சுக்கும் துணிக்கும் இடையில் உள்ளங்கையைத் தட்டையாக விட்டுப் பாருங்கள், லேசாகப் போக வேண்டும். தெறியைச் சுற்றி X போல மடிப்பு விழுந்தால் இறுக்கம். கடையில் நின்று பார்ப்பதோடு விடாமல் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து பாருங்கள். எங்கள் சடங்குகளில் நிலத்தில் இருந்து எழும்புவது எத்தனை தரம்? இருக்கும்போது அடி தொடையில் முட்டி முழுக் கோட்டும் மேலே ஏறிக் கழுத்தில் இடித்தால் நீளம் கூட, அல்லது பக்கவாட்டுத் திறப்பு இல்லை. இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் திறந்து தைக்கச் சொன்னால் இது தீரும். இருக்கும்போது கடைசித் தெறியைக் கழற்றிவிடுவதும் சரிதான்.

வேஸ்ட்கோட்டுக்குள் என்ன கொலர்? நேரு மாதிரிக்குள் நிமிர்ந்த கொலர் சேட்டு. சேட்டின் கொலர் வேஸ்ட்கோட்டின் கழுத்துக்கு மேலே கால் அங்குலம் வெள்ளையாகத் தெரிய வேண்டும், அந்த மெல்லிய கோடுதான் முழு உடுப்பையும் தூக்கிக் காட்டும். இதற்காகத்தான் இரண்டையும் ஒரே ரெய்லரிடம் கொடுங்கள் என்று சொல்வேன். வேஸ்ட்கோட்டை வெளியில் வாங்கினால் அதைக் கொண்டுபோய்க் காட்டி அதற்கேற்ப சேட்டின் கழுத்தை வைக்கச் சொல்லுங்கள். மடிப்புக் கொலர் சேட்டை உள்ளே போட்டால் கொலரின் இலை உள்ளே சுருண்டு கழுத்தைச் சுற்றிக் கட்டி மாதிரித் தெரியும், எடுத்து வெளியே விட்டால் நிமிர்ந்த கழுத்து மறைந்துவிடும். மடிப்புக் கொலர்தான் வேண்டும் என்றால் V கழுத்து வேஸ்ட்கோட், அதோடு காற்சட்டை. அந்த உடுப்பை இரவு வரவேற்புக்கு வைத்துக்கொள்ளலாம், அதில் கடைசித் தெறி பூட்டாமல் விடுவது வழக்கம்.

துணி விஷயத்தில் காலத்தைப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் வைக்க மாட்டோம், ஆக நல்ல குளிர்மாதம் ஒன்று கையைவிட்டுப் போகிறது. தையில் வாடைக்காற்று இருக்கும்போது கொஞ்சம் தடித்த பட்டுக் கலவை வேஸ்ட்கோட்டைப் போட்டால் சுகமாகத்தான் இருக்கும். வைகாசியிலும் ஆவணியிலும் அதையே போட்டால் மணவறைக்கு முன்னால் ஹோமப் புகையோடு சேர்ந்து வேகும். அந்த மாதங்களுக்கு லினன் அல்லது மெல்லிய கைத்தறிப் பருத்தி. உள்ளே வைக்கிற லைனிங்தான் உண்மையில் வேர்க்கவைப்பது, பளபளக்கிற பொலியஸ்டர் லைனிங் காற்றே விடாது. மெல்லிய பருத்தி லைனிங் கேளுங்கள், அல்லது முன்பக்கத்துக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். முதுகுப்பக்கமும் முன்பக்கத்துத் துணியாகவே இருக்கட்டும். கோட்டுக்குள் போடுகிற வேஸ்ட்கோட்டுக்குத்தான் முதுகில் லைனிங் துணியும் பக்கிளும், உங்களுடையதற்கு மேலே கோட் வராது.

நிறத்துக்கு வேட்டியின் கரையைப் பாருங்கள். கரை குங்குமச் சிவப்பென்றால் அதே குடும்பத்தில் ஒரு படி கடுமையானது. பொன்கரை என்றால் கடும்பச்சை, கடும்நீலம், அரக்கு எல்லாம் போகும். மாப்பிள்ளை கூறையோடு பொருத்த ஆசைப்பட்டால் கூறையின் உடல் நிறத்தை விட்டுவிட்டு அதன் கரையிலிருந்தோ தலைப்பிலிருந்தோ ஒரு நிறத்தை எடுங்கள், இருவரும் ஒரே நிறத்தில் நின்றால் படத்தில் ஒன்றோடொன்று கரைந்துவிடும். தோழன்மார் நாலைந்து பேர் ஒரே நிறம் போடுவது வடிவுதான், ஆனால் ஒரே அளவில் ரெடிமேட் எடுத்து விட்டுவிடாதீர்கள், ஆளுக்கு ஆள் நீளம் வெட்டித் தைக்கக் கொடுங்கள்.

வேஸ்ட்கோட் போடக்கூடாத இடங்களும் உண்டு. கோயில், சொல்லவே தேவையில்லை. செத்தவீட்டுக்கும் அந்தியேட்டிக்கும் வெள்ளை வேட்டி, சாதாரண வெள்ளைச் சேட்டு, அவ்வளவுதான். தாலிகட்டு நேரத்தில் மாப்பிள்ளைக்குச் சால்வைதான் அழகு என்பது என் எண்ணம், வேஸ்ட்கோட்டை மாலை வரவேற்புக்கு மாற்றிப் போடலாம். தாலிகட்டில் மாலை மாற்றும்போது நசுங்குகிற பூவின் சாறு பட்டு வேஸ்ட்கோட்டில் பட்டால் போகாது, பருத்திச் சால்வை என்றால் கழுவலாம். சின்னப் பெடியன்களுக்கு எடுப்பதானால் கழுத்தை இன்னும் தளர்வாக வையுங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

கழுவுகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த கடினத் தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைத் துணியில் சாம்பல் படிவம் தங்கிவிடும், அது முதலில் தெரிவது கொலரின் உள்மடிப்பில். போட்ட அன்றைக்கே கொலரை மட்டும் நனைத்துச் சவர்க்காரம் பூசி அரைமணி நேரம் விட்டு, மெல்லிய பிரஷால் ஒரே திசையில் தேயுங்கள். கடைசி அலசலுக்குப் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு சின்னக் கோப்பை வினாகிரி விட்டால் படிவம் கழன்றுபோகும். வேர்வைக் கறைக்குக் குளோரின் போட வேண்டாம், மஞ்சள் இன்னும் கூடும், பட்டென்றால் துணியே போய்விடும். கஞ்சி வேட்டிக்குப் போடுங்கள், கொலருக்கு மிக மெல்லியதாகப் போட்டால் போதும், தடித்தால் மடிப்பில் வெடித்து நூல் அறும். வேஸ்ட்கோட்டை வீட்டில் தோய்க்காமல், போட்ட பிறகு அகலமான தோளுள்ள ஹாங்கரில் நிழலில் காற்றாடவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் உலர்சலவைக்குக் கொடுங்கள்.

ரெய்லரிடம் நாள் சொல்லும்போது கலியாண நாளைச் சொல்லாமல் அதற்குப் பத்து நாள் முந்தியதைச் சொல்லுங்கள். எடுத்த அன்றே வேட்டி கட்டி, சேட்டுப் போட்டு, மேலே சால்வையோ வேஸ்ட்கோட்டோ எது என்று முடிவெடுத்தீர்களோ அதையும் போட்டுக்கொண்டு, வீட்டில் ஒரு மணி நேரம் இருங்கள், நடவுங்கள், நிலத்தில் இருந்து சாப்பிடுங்கள். கழுத்தில் எங்கேயாவது உரசினால் கொலரைப் பிரித்துத் தைக்க இன்னும் நாள் இருக்கும்.